பலத்துக்கு ஊசி போடலாமா?

வெங்காயம் விற்ற காசோடு நெல்லியடிச் சந்தையை விட்டுப் புறப்படுகின்றவர்களில் சிலர், வீடு திரும்புமுன் எங்கேனும் ஓர் ஊசி போட்டுக்கொண்டு போவதை நாம் பல காலமாகக் கண்டு வருகின்றோம். காய்ச்சலுக்கல்ல, பலத்துக்கு. கை கால் உழைவு, தலைச்சுற்று, சாப்பாட்டில் மனமின்மை, காலில் விறைப்பு, பிள்ளை பெற்ற சோர்வு எல்லாவற்றுக்கும் ஒரே பரிகாரமாக இந்தச் சத்தூசி எம்மிடையே வேரூன்றிவிட்டது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் விற்றமின் பி. இந்த ஊசி உண்மையில் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம், வேண்டியவருக்கு அதை ஆபத்தின்றிப் போடுவது எப்படி என்பதே இவ்விதழின் சுகாதாரப் பாடம்.

ஊசி கேட்கும் மக்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அவர்கள் சொல்லும் சோர்வு உண்மையானது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்ரோபர் 30இல் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தவர்களும், வயலையும் மாட்டையும் மட்டுமல்ல, தமது சாப்பாட்டு முறையையும் விட்டுவிட்டே வந்தார்கள். வீட்டு நெல்லை அவித்துக் குத்திய அரிசிக்குப் பதிலாகச் சங்கக்கடை அரிசியும் கோதுமை மாவும் வந்தன. தயிரும் முட்டையும் நின்றுபோயின. காலையில் பாணும் வெறும் தேத்தண்ணியும் என்றாயிற்று. அவர்களுள் சில குடும்பங்கள் இன்றும் வேற்றுக் காணிகளில்தான் சீவிக்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பருப்பும் மீனும் விலையேறியபோது, காணியில்லாத இந்தக் குடும்பங்களின் கறிச்சட்டியே முதலில் சுருங்கியது. ஆகவே உடலில் சத்துக் குறைந்திருக்கலாம் என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. அந்தக் குறையை ஊசிதான் தீர்க்கும் என்று நம்புவதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

மஞ்சள் சிறுநீர் சொல்லும் செய்தி

விற்றமின் பி என்பது ஒன்றல்ல, எட்டுச் சத்துக்களைக் கொண்ட ஒரு குடும்பம். எமக்கு இங்கே முக்கியமானவை பி1, பி2, பி3, பி6, போலிக் அமிலம், பி12 என்பனவாம். இவை யாவும் நீரில் கரைபவை. உடலுக்குத் தேவையானதற்கு மேல் போனால் அதிகமானது சிறுநீரோடு வெளியேறிவிடும்.

பி கொம்பிளெக்ஸ் ஊசி போட்ட அன்று சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவதைப் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் செங்கமாரி என்று பயப்படுகின்றார்கள். சிலர் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்கின்றார்கள். இரண்டும் சரியல்ல. அந்த மஞ்சள் பி2 விற்றமினின் இயற்கை நிறம். உடல் வேண்டாம் என்று தள்ளியதே அப்படிப் போகின்றது. கொடுத்த காசில் ஒரு பங்கும் அதோடு போகின்றது என்று சொன்னால் மிகையாகாது.

இருப்பு விடயத்தில் இந்தக் குடும்பத்தினுள்ளே பெரிய வேறுபாடு உண்டு. பி1 உடலில் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருப்பில் இராது. வெள்ளை அரிசியோடு மட்டும் சில மாதம் கழித்தால் நோய் தலைகாட்டலாம். பி12 அப்படியல்ல, ஈரல் அதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். ஆகவே மாட்டை விட்டுவிட்டு வந்த ஒரு சைவ உணவுக் குடும்பத்தில், இடம்பெயர்ந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே பி12 குறைவு தெரியவரலாம். அந்த நேரம் பாலும் தயிரும் நின்றதையும் காலில் வந்த விறைப்பையும் யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

சோற்றுப் பானையில் தொடங்கிய நோய்

பி1 குறைவால் வருவது பெரிபெரி. இந்தப் பெயர் சிங்களத்தில் இயலாமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். கால் விறைக்கும், கெண்டைக்கால் நோகும், குந்தியிருந்தால் எழும்ப முடியாது. முற்றினால் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இருதயம் சோர்ந்து மரணமும் நேரலாம்.

இதன் காரணத்தைக் கண்டுபிடித்த கதை கோழி வளர்ப்பவர்களுக்குப் பிடிக்கும். 1890ஐ அண்டிய ஆண்டுகளில் யாவாத் தீவின் பற்றேவியா நகரில், கிறிஸ்ரியான் ஐக்மான் என்ற ஒல்லாந்த வைத்தியர் தமது ஆய்வுக் கோழிகள் பெரிபெரி போன்ற ஒரு நோயால் கால் சோர்ந்து விழுவதைக் கண்டார். சில மாதங்களின் பின் அவை தாமாகவே சுகமாயின. விசாரித்தபோது, முதலில் படை ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டது தெரியவந்தது. பின்பு வந்த சமையற்காரர் படையினரின் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். அதனால் கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, அவை பிழைத்தன. தவிட்டோடு போவது உயிர்ச்சத்து என்ற உண்மை இவ்வழியாகவே வெளிவந்தது. ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தச் சத்தை 1936இல் இரசாயன முறையில் செய்து காட்டிய ரொபேட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், தென்னிந்தியாவின் நெல்லூர்.

எமக்கு இன்னும் நெருக்கமான சான்று மலாயாவிலிருந்து வருகின்றது. எங்கள் ஊர்களில் மலாயன் பென்சனியர் வீடுகள் எத்தனையோ இருந்தன. அந்த மலாயாவில் வைத்தியராக இருந்த பிராடன் என்பவர் 1907இல் ஒரு நூல் எழுதினார். சீயம் தேசத்து வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக இறக்க, அதே நாட்டில் புழுங்கல் அரிசி உண்ட தமிழர் தப்பினர் என்பதை அவர் அதில் எடுத்துக் காட்டினார். பழைய சென்னை மாகாணத்திலும் பெரிபெரி பச்சையரிசி உண்ட வடக்குத் தெலுங்குக் கரையோரத்திலேயே காணப்பட்டது. புழுங்கல் உண்ட தமிழ்ப் பகுதிகளில் அரிதாகவே இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்பு தீட்டினாலும் ஒரு பங்கு மிஞ்சும். எங்கள் பாட்டிமார் விற்றமின் என்ற சொல்லைக் கேட்காமலே நெல் அவித்தார்கள்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1990களில் நேபாளத்தில் தங்கியிருந்த பூட்டான் அகதிகளிடையே தீட்டிய நிவாரண அரிசியால் பெரிபெரி பரவியது. புழுங்கல் அரிசி கொடுப்பது அதற்குப் பரிகாரங்களுள் ஒன்றாயிற்று. 1990இல் மலாவியிலிருந்த மொசாம்பிக் அகதிகளுள் 17,000க்கும் அதிகமானோருக்குப் பி3 குறைவால் பெலகிரா என்ற தோல்நோய் வந்தது. பங்கீட்டில் நிலக்கடலை நின்றுபோனதே காரணம். தாய்லாந்து எல்லையில் இருந்த கரேன் அகதி முகாம்களில், பிள்ளைப்பேற்றின் பின் கடும் பத்தியம் காத்த தாய்மாரின் கைக்குழந்தைகள் பெரிபெரியால் இறந்தார்கள். தாய்க்குப் பி1 இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இராது. எங்கள் பிள்ளைப்பேற்றுப் பத்தியத்தில் மீனும் சரக்குத்தூளும் உண்டு, அது நல்லது. சோறும் உப்பும் மட்டுமாக அது குறைந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று மாதக் குழந்தை சத்தியெடுத்து, மூச்சு வாங்கி, அழுகுரல் கம்மி, வாய் அழுதும் சத்தம் வராதிருந்தால் அது உடனே மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. நாவூறு பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

ஊசி யாருக்கு?

சாதாரணமான பி சத்துக் குறைவுக்கு ஊசி தேவையில்லை. கடைவாய் வெடிப்பு, நாக்கு சிவந்து எரிதல், கால் விறைப்பின் தொடக்கம், போலிக் அமிலக் குறைவால் வரும் இரத்தச் சோகை ஆகியவற்றுக்கு வைத்தியர் தரும் குளிசையும் நல்ல சாப்பாடும் போதும். வாயால் விழுங்கியது குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போகும். ஊசியால் போவதும் அதே சத்துத்தான். ஊசிச் சத்துக்குக் கூடுதல் பலம் என்று எதுவும் இல்லை.

ஊசி உண்மையில் உயிர் காக்கும் இடங்களும் உண்டு. பெரிபெரியால் இருதயம் சோர்ந்தவருக்கும் மேலே சொன்ன கைக்குழந்தைக்கும் பி1 ஊசி சில மணி நேரத்திலேயே மாற்றத்தைத் தரும். அதை ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். நெடுநாள் சத்தி நிற்காதவருக்கும், குடலில் பி12 உறிஞ்சப்படாதவருக்கும், இரைப்பை வெட்டி எடுக்கப்பட்டவருக்கும், பி12 குறைந்து நரம்பு பாதிக்கப்பட்டவருக்கும் ஊசி வேண்டும். இவர்களுள் சிலர் சீவிய காலம் முழுவதும் சில மாதங்களுக்கு ஒரு தடவை பி12 ஊசி போட வேண்டியிருக்கும். அவர்களிடம் “ஊசியை நிறுத்துங்கள்” என்று யாரும் இந்தப் பாடத்தைக் காட்டிச் சொல்லக் கூடாது.

குடிப்பழக்கத்தால் நலிந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மது பி1ஐக் குடலில் ஏறவிடாது. தொடர்ந்து குடித்துச் சாப்பாட்டை விட்ட ஒருவர் தடுமாறி நடந்தால், கண் ஒருபுறம் இழுத்தால், பேச்சுக் குழம்பினால், அதை வெறி என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்குப் பி1 போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். இந்நிலையில் வீட்டில் வைத்துக் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றுவது ஆபத்து. குளுக்கோசை எரிக்கவும் பி1 வேண்டும். மிஞ்சியிருக்கும் கொஞ்சமும் அதில் செலவாகிவிடும். ஆகவே பி1 உடனே ஊசியாகப் போக வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியில்.

இனி, விறைப்பு எல்லாம் விற்றமின் குறைவு அல்ல. நீரிழிவு காலை விறைக்கச் செய்யும். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்று தோலில் இருந்தால் அது தொழுநோயாகவும் இருக்கலாம். குளிசையால் முற்றாக மாறக்கூடிய நோய், பிந்தினால்தான் கையும் விரலும் கெடும். கால் வீக்கம் சிறுநீரகத்தாலோ இருதயத்தாலோ வரலாம். வெளிறிப்போன பெண்ணுக்குப் பெரும்பாலும் குறைவது இரும்புச் சத்து. வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்பவருக்குக் கொழுக்கிப் புழுவும் காரணமாகலாம். மாதக்கணக்கில் சத்தூசி போட்டுக்கொண்டிருந்தால் இவற்றுள் எதுவும் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடும். எமது மனத்தை மிகவும் வருத்துவது இதுவே.

நீரிழிவுக்கு நெடுநாள் மெற்போமின் குளிசை பாவிப்பவர்களுக்குப் பி12 குறையலாம் என்பது இன்று நன்கு அறியப்பட்டது. ஆகவே கால் விறைக்கின்றது என்று கிளினிக்கில் சொல்லுங்கள். இரத்தம் பரிசோதிக்குமுன் பி12 ஊசி போட்டுவிட்டால் பரிசோதனை சரியான விடையைத் தராது. பி12 குறைந்தவர் போலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் இரத்தம் தேறுவது போலத் தெரியும், நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டு போகும். பி6ஐ அதிக அளவில் நெடுங்காலம் எடுத்தால் அதுவே காலில் விறைப்பை உண்டாக்கும். விறைப்புக்கு மருந்தெடுத்து விறைப்பை வாங்கிக்கொள்வது இது! எனினும் கசநோய்க்கு மருந்தெடுப்பவர்களுக்கு வைத்தியர் தரும் சிறிய அளவு பி6 குளிசை அவசியமானது. அதை நிறுத்த வேண்டாம்.

“ஊசி போட்டவுடன் தெம்பாக இருக்கின்றதே” என்று சிலர் எம்மோடு வாதாடுவர். உண்மையில் பி1 குறைந்திருந்தால் தெம்பு வரத்தான் செய்யும். மற்றவர்களுக்கு, வேலையை விட்டு ஒருநாள் இருந்ததும், ஒருவர் பரிவோடு விசாரித்ததும் பாதிச் சுகத்தைக் கொடுத்துவிடும். முறையற்ற சிலர் சத்தூசி என்று ஸ்ரெறொயிட் மருந்தைக் கொடுப்பதும் தெற்காசிய நாடுகளில் அறியப்பட்டதே. அது நோவை மறைக்கும், சீனியைக் கூட்டும், கிருமித் தொற்றை மூடிவைக்கும். போடும் மருந்தின் பெயரைக் கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

போடத்தான் வேண்டுமென்றால்

வீட்டில் ஊசி போடப் பழக்குவது இப்பாடத்தின் நோக்கமல்ல. பதிவுபெற்ற வைத்தியரின் சீட்டின்பேரில், பயிற்சி பெற்றவரே போட வேண்டும். ஆனால் போட்டுக்கொள்பவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம்.

ஊசியும் சிறிஞ்சும் புதியனவாக, உறை கிழியாதனவாக இருந்து, உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஊசியை மட்டும் மாற்றிச் சிறிஞ்சைத் திரும்பப் பாவிப்பது பாதுகாப்பல்ல. சிறிஞ்சுக்குள்ளும் இரத்தம் ஏறியிருக்கும். பாவித்த ஊசியை ஸ்பிரிற்றால் துடைத்தாலும் கிருமி சாகாது. இறப்பர் மூடியுள்ள மருந்துப் போத்தலுக்குள் ஒருவருக்குப் பாவித்த ஊசி மறுபடியும் போனால், அதன்பின் அப்போத்தலில் மருந்தெடுக்கும் எல்லோருக்கும் ஆபத்து. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பழகிய சிக்கனங்கள் பல எமக்கு இன்றும் உதவுகின்றன. ஊசியில் சிக்கனம் அவற்றுள் சேராது.

பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடி 10 இலட்சம் பேருக்கு ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி தொற்றியதாகவும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எயிட்ஸ் கிருமி தொற்றியதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2014இல் கம்போடியாவின் பற்றம்பாங் மாகாணத்து ரோக்கா என்ற கிராமத்தில், ஊரவர் நம்பியிருந்த உரிமமற்ற ஒரு வைத்தியரின் ஊசிகளால் 200க்கும் அதிகமானோருக்கு எயிட்ஸ் கிருமி தொற்றியது. பிள்ளைகளும் முதியவர்களும் அதில் அடக்கம். 2019இல் பாகிஸ்தானின் ரத்தொடேரோவில் நூற்றுக்கணக்கான சிறுவர்களுக்கு இதே கதி நேர்ந்தது.

மருந்துக் குப்பியின் பெயரையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். பி விற்றமின்கள் சில வெளிச்சத்தில் கெடுவதால்தான் குப்பி மண்ணிறக் கண்ணாடியில் வருகின்றது. வெயில்படும் யன்னலோரம் கிடந்த மருந்து வேண்டாம். முன்பு ஏதாவது மருந்துக்குத் தடித்ததோ மூச்சடைத்ததோ என்று போடுபவர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். பி1 ஊசிக்கு ஒவ்வாமை அரிது. ஆனால் வந்தால் நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோகும். அதற்குரிய மாற்று மருந்து இல்லாத இடத்தில் அந்த ஊசி வேண்டாம். போட்டபின் அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். பஸ் போய்விடும் என்று ஓட வேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மருந்தெடுப்பவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மெலிந்தவருக்கும் சிறுபிள்ளைக்கும் குண்டியில் போடும் ஊசி, தொடைக்குப் போகும் பெரிய நரம்பில் பட்டால் பாதம் தொங்கி நொண்டியாகிவிடக் கூடும். குழந்தைக்குத் தொடையின் வெளிப்புறமே பாதுகாப்பான இடம். போட்ட இடம் இரண்டு நாளுக்குப் பின்னும் சிவந்து வீங்கிச் சுட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சுடுதண்ணி ஒத்தடத்தோடு விட்டுவிடாதீர்கள்.

பாவித்த ஊசி எருக்கிடங்குக்குள் போகக் கூடாது. அந்த எருவைத்தான் நாளைக்கு வெறுங்காலோடு தோட்டத்தில் பரப்பப் போகின்றோம். வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் தடித்த தகர ரின் ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கலாம்.

ஊசிக் காசில் என்ன வாங்கலாம்?

ஒரு தடவை ஊசிக்கும் பஸ்ஸுக்கும் போகும் காசைப் பயறு, உளுந்து, கௌபி, நிலக்கடலை, முட்டை, நெத்தலிக் கருவாடு என்று மாற்றி எண்ணிப் பாருங்கள். பயறிலும் உளுந்திலும் பி1உம் போலிக் அமிலமும் உண்டு. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை போன்ற இலைவகைகளில் பி2உம் போலிக் அமிலமும் உண்டு. பி12 மரக்கறியில் கிடையாது. மீன், முட்டை, பால், தயிரில்தான் உண்டு. மச்சம் தின்னாத குடும்பங்கள் நாளுக்கு ஒரு கோப்பை பாலையோ தயிரையோ விடாமற் பார்க்க வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் பி12 குளிசை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். மலிவான சத்துணவு இந்நாட்டுக்குப் புதிதல்ல. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோயில் நலிந்தவர்களுக்கு நிவாரணத் தொண்டர்கள் மாமைற்றை உருண்டையாக்கிக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கிளினிக்கில் தரும் திரிபோஷாவைத் தாமே சாப்பிட வேண்டும். அது பெரும்பாலும் முழு வீட்டுக்கும் பங்காகிவிடுகின்றது.

சமையலிலும் கவனம் வேண்டும். அரிசியை மூன்று நான்கு தண்ணியில் கழுவினால் பி1 கழுவிய தண்ணியோடு போய்விடும். கல் நீக்கி ஒரு தரம் அலசினாற் போதும். வடித்த கஞ்சியை மாட்டுக்கு ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள். பயறு கெதியில் அவியட்டும் என்று அப்பச்சோடா போட வேண்டாம். அது பி1ஐ அழித்துவிடும். சாப்பிட்ட கையோடு கடும் தேத்தண்ணி குடிப்பதும் பாக்குச் சப்புவதும் பி1க்குக் கூடாதவை. ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

வேற்றுக் காணியில் இருப்பவர்கள் மரம் நட அஞ்சுவது எமக்குத் தெரியும். காணிக்காரர் எப்போது எழும்பச் சொல்வாரோ என்ற பயம். பயறு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்க்கும். முருங்கைத் தடியைக் கேட்டு வேலியோரம் ஊன்றினால் காணிக்காரரும் மறுக்கமாட்டார், அவருக்கும் இலை கிடைக்குமல்லவா. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியையும், வீட்டிலுள்ள சத்துக் குளிசைகளையும், போட்ட ஊசிகளின் துண்டுகளையும் கொண்டுவாருங்கள். அரிசியை ஒரு சுளகில் பக்கம் பக்கமாகப் பரப்பி எதில் தவிடு மிஞ்சியிருக்கின்றது என்று பார்ப்போம். துண்டுகளை வாசிக்க மருத்துவமாதுவையும் வருமாறு கேட்டிருக்கின்றோம்.